மரமும் கிளையும் தெரிகிற கண்ணாடி

தமிழில் ‘கண்ணாடி’ என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. முகம் பார்ப்பது கண்ணாடி. சன்னலில் பதித்திருப்பது கண்ணாடி. மூக்கின்மேல் ஏறி அமர்வதும் கண்ணாடி. மலையாளம் இந்தச் சுமையைப் பிரித்துக்கொண்டது. அங்கே முகம் பார்ப்பது மட்டுமே கண்ணாடி. ஆறன்முளையில் உலோகத்தை வார்த்து மெருகேற்றிச் செய்வதும் அதுவே. சன்னலில் இருப்பது ‘சில்லு’. பார்வைக் குறைக்கு அணிவது ‘கண்ணட’. மட்டாஞ்சேரியின் தமிழ் வீடுகளில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒரே நாளில் புழங்கும். கடையில் ‘கண்ணட’ கேட்டு வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் அதைக் ‘கண்ணாடி’ என்று மேசைமேல் கழற்றி வைப்பார். எந்தக் குழப்பமும் நேர்வதில்லை.

குழப்பம் புதிதாக வந்த ஒரு பொருளால் நேர்ந்தது. ட்ரோன் பறக்கவிடுவோருக்கென விற்கப்படும் ஸ்மார்ட் கண்ணாடி அது. எப்சன் நிறுவனத்தின் மூவேரியோ வகையை எடுத்துக்கொள்ளலாம். சட்டகத்தின் ஓரத்தில் விரல்நகத்தைவிடச் சிறிய திரை இருக்கிறது. அதில் எழும் ஒளி தடித்த வில்லைக்குள்ளேயே பயணித்து, அங்கே பதிக்கப்பட்டுள்ள அரைஆடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது. அதே அரைஆடி வெளியுலகின் ஒளியையும் தடுக்காமல் உள்ளே விடுகிறது. ஆகவே அது பிரதிபலிப்பதால் ஆடி, ஊடுருவவிடுவதால் சன்னல், மூக்கில் அமர்வதால் கண்ணட. மூன்றையும் ஒன்றாகக் கண்ட தமிழ்ச் சொல்லுக்கு இத்தனை நூற்றாண்டு கழித்து ஒரு பொருத்தமான பொருள் கிடைத்திருக்கிறது. அது தேவையா என்ற கேள்விக்கு மட்டும் சொல்லாராய்ச்சியில் விடை இல்லை.

அந்தக் கேள்வியோடு மூன்று மாதம் திரிந்தவர் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த ஒரு திருமண ஒளிப்பதிவாளர். வயது முப்பதைத் தாண்டியிருக்கிறது. வீட்டு மொழி தமிழ், தெரு மொழி மலையாளம், வாடிக்கையாளர் மொழி எதுவாகவும் இருக்கும். சேர்லாயில் கொங்கணித் திருமணம், அடுத்த தெருவில் குஜராத்தித் திருமணம், அதற்கடுத்த வாரம் கச்சி மேமன் வீட்டு நிக்காஹ். அவ்வளவு குறுகிய நிலப்பரப்பில் இத்தனை சடங்குகளை ஒரே கேமராவால் எடுத்துப் பிழைக்கக்கூடிய ஊர் தென்னாட்டில் வேறு இருக்குமா என்பது ஐயம். இந்த மொழிகள் அனைத்திலும் மாறாமல் ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு: ‘ஹெலிகேம்’. ட்ரோன் என்ற சொல் செய்தித்தாளுக்கும் சட்டத்துக்கும் உரியது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்பது ஹெலிகேம்தான். “ஹெலிகேம் உண்டல்லோ?” என்ற கேள்விக்கு உண்டு என்று சொல்லாதவருக்கு முன்பணம் கைக்கு வருவது அரிது.

அவரிடம் இருப்பது 249 கிராம் எடையுள்ள சிறு ட்ரோன். 2021-இல் கைக்கு வந்தது. அந்த எடை தற்செயலானதன்று. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையிலானவற்றை ‘நானோ’ என்று வகைப்படுத்துகின்றன. அவற்றை இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதைவிட எடை கூடினால், கூலிக்குப் பறக்கவிடுபவர் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயின்று சான்று பெற்றாக வேண்டும். 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. உதிரிப்பாகங்களுக்குத் தடை இல்லை. ஆக, கையிலுள்ளது கடலில் விழுந்தால் அதே போன்ற புதியதொன்றை முறைப்படி வாங்க வழியில்லை. பிழைப்பின் ஒரு கால் அந்த 249 கிராமின்மேல் ஊன்றியிருக்கிறது.

துபாயிலிருந்து விடுப்பில் வரவிருந்த பெரியப்பா மகன் கண்ணாடியை வாங்கிவரத் தயாராக இருந்தார். வரிகளெல்லாம் போக அவர் சொன்ன தொகை ரூ. 58,000. ஹெலிகேமுக்கென ஒரு திருமணத்தில் தனியாகக் கிடைப்பது ரூ. 4,000. பதினைந்து திருமணங்களின் ஹெலிகேம் கூலி ஒரு மூக்கின்மேல் ஏறி உட்காரும். பொருள் ஆசைக்குரியதா என்று பார்த்தால் ஐயமே இல்லை. பதினைந்து திருமணங்களுக்கு உரியதா என்பதே வழக்கு.

ஆசை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் இந்த வழக்கை விசாரிக்க இயலாது. ட்ரோன் எடுக்கும் காட்சி கைப்பேசித் திரையில் தெரியும். கேரளக் கடற்கரையின் வெயிலில் அந்தத் திரை வெறும் கறுப்புப் பலகை. கையால் மறைத்து, உடலைத் திருப்பி, நெற்றியைத் திரைமேல் ஒட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சென்ற பருவத்தில் மாராரிக்குளம் கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு. மாலை வெயில் எதிரே இருந்தது. அவர் திரைமேல் குனிந்திருந்த நான்கைந்து விநாடிகளில் காற்று ட்ரோனைத் தென்னந்தோப்பின் பக்கம் ஒதுக்கியது. மணமகளின் சித்தப்பா ஒருவர் கத்தியதால் தலை நிமிர்ந்தது. ட்ரோன் ஓலையை உரசுவதற்கு முன் மேலே ஏறியது. ஓலைக்குக் கீழே இரண்டு குழந்தைகள் மணல் அளைந்துகொண்டிருந்தன. படம் நன்றாகவே வந்தது. வாடிக்கையாளர் அந்தக் கோணத்தைப் பாராட்டவும் செய்தார்.

அன்றிரவிலிருந்துதான் தேடல் தொடங்கிற்று. குனியாமல் பார்க்க முடிந்தால், காட்சியும் வானமும் ஒரே நேரத்தில் கண்முன் நின்றால் என்ற எண்ணம் நியாயமானதே.

இந்தச் சந்தையில் இரண்டு குலங்கள் உள்ளன. ஒன்று கண்ணை முழுவதும் மூடிக்கொள்ளும் வகை. டி.ஜே.ஐ. நிறுவனம் 2017-இல் வெளியிட்ட காகிள்ஸ் அத்தகையது. அணிந்தவுடன் மணல் மறையும், மக்கள் மறைவர், பறவையின் உடலுக்குள் புகுந்த உணர்வு வரும். பந்தய ட்ரோன்காரர்கள் விரும்புவது இதைத்தான். பின்னாளில் வந்த காகிள்ஸ் 3-இல் வெளியே இரு கேமராக்கள் வைத்து, வேண்டும்போது சுற்றுப்புறத்தையும் காட்டினார்கள். ஆயினும் காட்டப்படுவது படமேயன்றி உலகமன்று. மற்றது ஊடுருவிப் பார்க்கும் வகை. 2016-இல் வந்த மூவேரியோ பி.டி-300 இதன் புகழ்பெற்ற உறுப்பினர். ட்ரோனுக்கென்றே ஒரு பதிப்பு 699 டாலருக்கு விற்கப்பட்டது. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ ரூ. 45,000. கண்ணாடியின் எடை 69 கிராம். காட்சியின் அகலம் 23 பாகை, அதாவது ஐந்து மீட்டர் தொலைவில் 80 அங்குலத் திரையொன்று அந்தரத்தில் மிதப்பது போன்ற தோற்றம். 2021-இல் வந்த பி.டி-40 அதை 34 பாகைக்கு விரித்தது. ஐந்து மீட்டரில் 120 அங்குலம். அந்தத் திரைக்குப் பின்னால் தென்னை தெரியும், குழந்தைகள் தெரிவர், ட்ரோனும் தெரியும்.

தெரியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவருடைய ட்ரோனின் குறுக்களவு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். 200 மீட்டர் தொலைவில் அது கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்று கணக்கிட்டால், ஐந்து மீட்டர் நீள அறையின் மறுமுனையில் வைத்த ஒரு மிளகின் அளவு வருகிறது. பஜார் ரோட்டின் மசாலாக் கிடங்குகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு இந்த உவமை உடனே விளங்கும். மிளகு அங்கே இருக்கிறது என்பது தெரியும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியாது.

இந்த இடத்தில் துரோணரை அழைக்க வேண்டியிருக்கிறது. மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவையை வைத்து, அம்பைத் தொடுக்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று அவர் கேட்டார். தருமனுக்கு மரம் தெரிந்தது, கிளை தெரிந்தது, ஆசிரியர் தெரிந்தார், உடன்பிறந்தார் தெரிந்தனர், பறவையும் தெரிந்தது. வில்லைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். அர்ச்சுனனுக்குப் பறவையின் கண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவனே தேறினான். பள்ளிக்கூடச் சொற்பொழிவுகளில் இன்றும் கவனக் குவிப்புக்கு இந்தக் கதையே சான்று.

விமானப் போக்குவரத்துச் சட்டம் எழுதியவர்கள் அந்தத் தேர்வின் முடிவைத் தலைகீழாகத் திருத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2016 முதல் நடப்பிலுள்ள சிறு ட்ரோன் விதியின்படி, பறத்தல் முழுவதிலும் ட்ரோனைக் கண்ணால் பார்க்கக்கூடிய நிலை இருக்க வேண்டும். அந்தப் பார்வைக்குத் துணையாகப் பார்வைத் திருத்தக் கண்ணாடி தவிர வேறு கருவி எதுவும் கூடாது. அதாவது ‘கண்ணட’ போடலாம், பிறவற்றை நம்பக் கூடாது. முகத்தை முழுவதும் மூடும் காகிள்ஸ் அணிகிறவர், ட்ரோனை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த முதல் விரிவான விதிமுறையும் பகல் வெளிச்சத்தில், பார்வைக்கோட்டுக்குள் மட்டுமே பறக்கவிடச் சொல்லிற்று. பின்னர் விதிகளின் வாசகம் மாறி எளிமையடைந்தது. கண்ணுக்கு எட்டும் தொலைவில் வைத்திரு என்ற எண்ணம் பயிற்சியின் அடித்தளமாக நின்றுவிட்டது. பறவையின் கண்ணை மட்டும் பார்த்தேன் என்பவருக்கு இந்தத் தேர்வில் சுழியம். மரமும் கிளையும் உறவினரும் தெரிகிறார்கள் என்ற தருமனுக்கே முதல் மதிப்பெண்.

துரோணரை இழுத்துவந்தது வலிந்து செய்ததன்று. அவர் பெயர் ஏற்கெனவே அந்த ஊரில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் இந்தியக் கடற்படையின் பீரங்கி, ஏவுகணைப் பயிற்சிப் பள்ளியின் பெயர் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா. 2023 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் கொடி விருது பெற்ற நிலையம் அது. ட்ரோனுக்கும் துரோணருக்கும் உள்ள ஒலியொப்புமை தற்செயல். ‘ட்ரோன்’ என்பது ஆங்கிலத்தில் ஆண்தேனீ. 1935-இல் பிரிட்டனில் ரேடியோவால் இயக்கப்பட்ட ‘குயின் பீ’ என்ற விமானம் பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்காகப் பறந்தது. அந்த ராணித் தேனீயின் பெயரைத் தொட்டே அமெரிக்கக் கடற்படையினர் தங்கள் ஆளில்லா இலக்குகளுக்கு ஆண்தேனீயின் பெயரைச் சூட்டினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ட்ரோன் பிறந்தது பார்ப்பதற்காக அன்று, சுடப்படுவதற்காக. துரோணர் பெயர் தாங்கிய பீரங்கிப் பள்ளியின் வானில் ஹெலிகேம் ஏறினால் அது தன் மூதாதையரின் தொழிலுக்குத் திரும்ப நேரலாம் என்று அந்த ஒளிப்பதிவாளரே நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

நகைச்சுவைக்குப் பின்னால் இருப்பது கடுமையான நிலவியல். மட்டாஞ்சேரியின் படகுத்துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு. அது இயற்கைத் தீவன்று. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, துறைமுகத்துக்காக ஆழம் தோண்டியபோது எடுத்த மண்ணால் எழுப்பப்பட்டது. மட்டாஞ்சேரியின் வணிகப் பெருமை அந்த மண்மேட்டுக்குக் கடந்து போனதாகப் பழைய வணிகக் குடும்பங்கள் இன்றும் குறைபடும். ஊரின் வானமும் அப்படியே கடந்து போனது. தெற்குக் கடற்படைக் கட்டளையின் தலைமையகமும் ஐ.என்.எஸ். கருடா விமானத் தளமும் அங்கே அமைந்தன. மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து அந்த ஓடுபாதை பறவை பறக்கும் தொலைவில் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படை நிலையத்தில் ட்ரோன்கள் வழியே வெடிகுண்டுகள் வீசப்பட்டன. அடுத்த மாதமே, கடற்படை தன் நிலையங்களைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் ட்ரோன் உள்ளிட்ட எதுவும் பறக்கக் கூடாது என்று அறிவித்தது. மீறினால் வீழ்த்தவும் பறிமுதல் செய்யவும் உரிமை உண்டு என்றும் எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 25-இல் வந்த புதிய ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. பச்சையில் 400 அடி வரை முன்னனுமதி தேவையில்லை. இயங்கும் விமானநிலையத்தின் எல்லையிலிருந்து ஐந்து முதல் எட்டு கிலோமீட்டர் வரை மஞ்சள். அங்கே அனுமதி வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வரை 200 அடிக்கு மேல் ஏறக் கூடாது. சிவப்புக்கு ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். விதியை மீறினால் அபராதம் ரூ. 1 லட்சம் வரை. 249 கிராம் என்பதால் சான்றிதழிலிருந்து விலக்கு கிடைக்குமே தவிர, சிவப்பு வானத்தில் நானோவும் நானூறு கிலோவும் ஒன்றுதான்.

ஆகவே 1555-இல் போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்த அரண்மனையின் ஓட்டுக் கூரையை, 1568-இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் கடிகாரக் கோபுரத்தை, இஞ்சி காயும் முற்றங்களை, சீன வலைகளை மேலிருந்து எடுத்துத் தரும்படி ஒவ்வொரு மணமகனும் கேட்பான். ஒவ்வொரு முறையும் அவர் முடியாது என்று சொல்ல வேண்டும். இணையத்தில் கிடக்கும் காட்சிகளைக் காட்டி “இவர்கள் எடுத்திருக்கிறார்களே” என்பார்கள். எடுத்தவர்கள் எந்த அனுமதியில், எந்த ஆண்டில் எடுத்தார்கள் என்பதை விளக்கிக்கொண்டிருப்பதற்கு நேரம் இருக்காது. உலகத்தவர் விமானம் ஏறிவந்து பார்க்கும் ஊர் இது. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய பினாலே அதை இன்னும் பெரிதாக்கிற்று. அந்த ஊரின் பிள்ளைக்குத் தன் ஊரை மேலிருந்து பார்க்க உரிமை இல்லை.

சென்ற பருவத்தின் நாட்குறிப்பை எடுத்து எண்ணியபோது, முப்பது திருமணங்களில் ஹெலிகேம் சட்டப்படி ஏறியவை பதினொன்று. மாராரிக்குளம், சேர்த்தலையின் உட்புறங்கள், வாகமண் குன்றுகள். எஞ்சிய பத்தொன்பதில் பெட்டி திறக்கப்படவே இல்லை. பதினைந்து திருமணம் என்று போட்ட கணக்கு அப்போதே ஒன்றரைப் பருவமாக நீண்டுவிட்டது. கண்ணாடி எவ்வளவு ஊடுருவினாலும் சிவப்பு வானத்தை ஊடுருவாது.

அடுத்தது துளையின் சிக்கல். விளம்பரம் எதிலும் இது இருக்காது, வாங்கியவர்கள்தாம் சொல்வார்கள். அவருடைய ட்ரோனை இயக்கும் ரிமோட்டில் கைப்பேசியைப் பொருத்தி ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். கைப்பேசியில் இருப்பது ஒரே ஒரு யூ.எஸ்.பி.-சி துளை. பி.டி-40 கண்ணாடிக்கும் அதே துளைதான் வேண்டும், அதுவும் திரைக் காட்சியை வெளியே அனுப்பும் திறனுள்ள துளையாக. ரிமோட் ஏற்கெனவே அதில் குடியேறியிருக்கும்போது கண்ணாடி எங்கே செருகப்படும்? எச்.டி.எம்.ஐ. வழியே காட்சியை வெளியே தரும் உயர்ரக ரிமோட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்றான டி.ஜே.ஐ. ஆர்.சி. புரோ கண்ணாடியைவிடவே விலை கூடியது. பழைய பி.டி-300-க்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தனியே ஒரு கையடக்கப் பெட்டி, அதற்குள் ஆண்ட்ராய்டு 5.1. ஆனால் ட்ரோன் செயலிகள் அந்தப் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டு வெகுநாள் ஆகிறது. கண்ணாடி கெடாது, வில்லை மங்காது. பேச வேண்டிய மொழி மட்டும் வழக்கொழிந்துவிடும். மொழியியல் மாணவர்கள் அழிந்துவரும் மொழிகளைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு எவரும் அழிந்துவரும் இயங்குதளங்களுக்காகக் கவலைப்படுவதில்லை. நியாயம்தான், ஆயினும் ரூ. 58,000 கொடுத்தவருக்கு அந்த நியாயம் ஆறுதலாகாது.

அவருக்குக் கிட்டப்பார்வையும் உண்டு. மூவேரியோவுக்குள் பவர் வில்லை பொருத்தச் சிறு சட்டகம் தருகிறார்கள். அதற்குத் தனிச் செலவு. வெயிலில் காட்சி வெளிறிப் போகாமல் இருக்க இருண்ட மூடியொன்றும் தருகிறார்கள். அதை மாட்டினால் மிதக்கும் திரை நன்றாகத் தெரியும்; மிளகளவு ட்ரோன் மங்கிப் போகும். ஊடுருவிப் பார்ப்பதற்காக வாங்கிய பொருளின்மேல் ஊடுருவாமல் இருக்க ஒரு மூடி. எந்த வெயிலுக்குப் பயந்து தேடல் தொடங்கியதோ அந்த வெயில் கடைசிவரை கூடவே வந்தது.

இவையெல்லாம் விலையும் கருவியும் சார்ந்த தடைகள், நாளை நீங்கலாம். துளை இரண்டாகலாம், வானம்கூட ஒருநாள் மஞ்சளாகலாம். நீங்காத தடை ஒன்று வேறிடத்தில் இருக்கிறது. போர் விமானங்களில் விமானியின் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகையில் வேகம், உயரம் முதலியவற்றை ஒளிரவிடுவார்கள். தலை குனியாமலே எண்களும் வெளியுலகும் தெரிய வேண்டும் என்பது நோக்கம். பயணிகள் விமானங்களுக்கும் அதைக் கொண்டுவரலாமா என்று ஆராய்ந்த நாசாவின் ஏம்ஸ் மையம் 1980-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பாவனை விமானத்தில் அனுபவமுள்ள விமானிகள் அந்த ஒளிரும் பலகை வழியே தரையிறங்கினார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் குறுக்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சிலர் அதைப் பார்க்கவே இல்லை. பலகை மறைக்கவில்லை, ஒளி கண்ணுக்குள் சென்றது, விழித்திரையில் விமானம் விழுந்தது. கவனம் எண்களின்மேல் இருந்தது, அவ்வளவே. பின்னாளில் காட்சித்திரைகளைப் பற்றி எழுதிய உளவியலாளர்கள் மீண்டும் மீண்டும் திரும்பிவரும் ஆய்வு இது.

இதை அறிந்தபின் ‘ஊடுருவிப் பார்க்கும்’ என்ற அடைமொழியை முன்போல் வாசிக்க இயலாது. ஊடுருவுவது ஒளி. பார்ப்பது வேறொன்று. அந்தரத்தில் 120 அங்குலத்துக்கு மணமக்கள் மிதந்துகொண்டிருக்கும்போது, அதற்குப் பின்னால் ஓலையின் அருகே ஒரு மிளகு நகர்வதை எந்தக் கண்தான் பொருட்படுத்தும்? தருமனின் பார்வையைத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் கருவி அர்ச்சுனனை உருவாக்கி அனுப்ப வாய்ப்பிருக்கிறது, அதுவும் தான் தருமன் என்று நம்புகிற அர்ச்சுனனை. கண்ணை மூடும் காகிள்ஸாவது தான் மூடியிருப்பதை மறைப்பதில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது அணிந்தவருக்கே தெரியும்.

கண்ணாடிக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குனிந்து நிமிர்வதில் போகும் விநாடிகள் உண்மையானவை. அவற்றை அது மிச்சப்படுத்தும். பாலத்தின் அடிப்பகுதியையோ கைப்பேசிக் கோபுரத்தையோ பக்கத்திலேயே நின்று மெல்ல ஆராய்கிறவருக்கு, ட்ரோன் இருபது முப்பது மீட்டருக்குள் நிற்கும். காட்சியும் பொருளும் ஒரே திசையில் இருக்கும். ஆண்டு முழுதும் வேலை இருக்கும். அவருக்கு இந்த விலை மிகையன்று. கடற்கரையில் காற்றோடு மல்லுக்கட்டி, ஆண்டுக்குப் பதினொரு நாள் பறக்கவிடுகிறவரின் கதை வேறு.

விடை வந்த திசை எதிர்பாராதது. அவருடைய தந்தை ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவில் நாற்பது ஆண்டு துணி வெளுத்தவர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று அங்குள்ள வண்ணார் சமூகம் தன் வரலாற்றைச் சொல்கிறது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் முறுக்கிலேயே துணியின் முனையைச் செருகிக் காயவிடுவார்கள், கிளிப் கிடையாது. மழைக்காலத்தில் மேற்கே கறுத்தால் சில நிமிடங்களில் களம் முழுவதும் உருவியாக வேண்டும். துவைப்பவர் கல்லைப் பார்த்திருப்பார், தேய்ப்பவர் பெட்டியைப் பார்த்திருப்பார். வானத்தைப் பார்க்க ஒருவர் தனியே இருப்பார். பெரும்பாலும் முதியவர் அல்லது பள்ளி விட்டு வந்த பிள்ளை. இந்த மகனும் சிறுவயதில் அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

கண்ணாடியின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது தந்தை விலையைத்தான் முதலில் கேட்டார்.

“அம்பத்தெட்டாயிரமா? எதுக்குடா மோனே?”

“குனியாம பாக்கலாம்பா. படமும் தெரியும், மேலே போறதும் தெரியும்.”

“படத்தை நீ பாரு. மேலே போறதைப் பாக்க ஓராளை நிறுத்து. நம்ம களத்துல எல்லாரும் கண்ணாடி போட்டா மழையைப் பாத்தாங்க?”

அத்தையின் மகன் பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஒரு நாளைக்கு ரூ. 700 கொடுத்தால் வருவான். ரூ. 58,000-ஐ எழுநூறால் வகுத்தால் 82 நாள். ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் ஏழு பருவங்களுக்கு மேல் தாங்கும். கண்ணாடி அதுவரை வழக்கில் இருக்கப்போவதில்லை. வெயிலுக்குக் கைப்பேசிமேல் மாட்டும் கறுப்பு மறைப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதித் தொகையில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, விமானிச் சான்றிதழ் பயிற்சியில் சேரலாமா என்று யோசிக்கிறார். கையிலுள்ள நானோ எப்படியும் ஒருநாள் ஓயும். அடுத்தது உள்நாட்டில் செய்த, எடை கூடிய ஒன்றாக இருந்தால் சான்றிதழ் இல்லாமல் கூலிக்கு இறக்க முடியாது. கண்ணாடியைவிட அவசரமான செலவு அதுதான் என்று தோன்றத் தொடங்கியிருக்கிறது.

பெரியப்பா மகன் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் செய்தி போயிற்று: “அண்ணா, கண்ணட வேண்டாம். ப்ரொப்பெல்லர் நாலு செட் மதி.” அந்தச் செய்தியில் எத்தனை சொல் எந்த மொழி என்று பிரித்துப் பார்ப்பது வேறொரு கட்டுரைக்கு உரிய வேலை.

அதற்கு அடுத்த வாரம் வாகமணில் ஒரு படப்பிடிப்பு இருந்தது. விடியும் முன் கார் கிளம்பிற்று. பின்னிருக்கையில் அத்தை மகன், மடியில் ட்ரோன் பெட்டி. அவனுக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்று: என்ன ஆனாலும் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது.